'எனக்கு' எங்கே நிற்கும்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

முதலாண்டில் ஒரு நாள், ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பிடிபடாமல் நின்றிருந்தேன். பேராசிரியர் அருகில் வந்ததும், தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, "சார், ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ திஸ்" என்றேன். பின் மேசையில் சிரிப்பொலி எழுந்தது. ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்; வீட்டில் போய்க் கேட்கவும் ஆளில்லை. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் ஆய்வகத்தில் நான் வாய் திறந்து ஐயம் கேட்டதே இல்லை.

தவறுதான் என்ன? 'கிவ் மீ' சரி. 'ஷோ மீ', 'டெல் மீ', 'டீச் மீ' எல்லாம் சரி. 'எக்ஸ்ப்ளெயின் மீ' மட்டும் என்ன பாவம் செய்தது? நான்கு சோதனைகளில் ஒரே முடிவு கிடைத்தால் ஐந்தாவதிலும் அதையே எதிர்பார்ப்பதுதானே அறிவியல் மாணவனின் வழக்கம்! விடுமுறையில் இலக்கண நூல்களைப் புரட்டிக் கண்ட விடையை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

கொடுத்தல் நிகழக் கொடுப்பவர், பொருள், பெறுபவர் ஆகிய மூன்றும் வேண்டும். தமிழில் பெறுபவரைக் காட்ட நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' இருக்கிறது. 'அம்மா தம்பிக்குச் சோற்றைக் கொடுத்தாள்' என்றாலும், 'சோற்றைத் தம்பிக்கு அம்மா கொடுத்தாள்' என்றாலும் சோறு தம்பிக்குத்தான் போகும். (கொடுத்தலில் தமிழின் கவலையே வேறு. தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', ஒத்தவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு' என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அதன்படி நான் பேராசிரியரிடம் 'ஈ' என்றுதான் கேட்டிருக்க வேண்டும்!)

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலும் இத்தகைய உருபுகள் இருந்தன. பின்னர் அவை தேய்ந்து மறைந்தன. உருபு செய்த வேலையைச் சொல் நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. 'ஐ கேவ் தி பாய் எ டாக்' என்றால் பையனுக்கு நாய் கிடைக்கும். இடத்தை மாற்றி 'ஐ கேவ் தி டாக் எ பாய்' என்றாலோ, பையன் நாய்க்குப் போய்விடுவான்! வினையை அடுத்து முதலில் நிற்பவர் பெறுபவர். பின்னால் நிற்பது பொருள். இது ஒரு வழி. பொருளை முன்னே சொல்லி, பெறுபவருக்கு முன் 'டு' சேர்ப்பது மற்றொரு வழி: 'ஐ கேவ் எ டாக் டு தி பாய்.'

எல்லா வினைகளும் இரண்டு வழியிலும் செல்வதில்லை என்பதில்தான் நான் இடறினேன். கிவ், செண்ட், ஷோ, டெல், டீச் போன்றவை ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொற்கள். இவை இரு வழியும் செல்லும். எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜஸ்ட், டொனேட் போன்றவை இலத்தீன் மரபில் வந்தவை. இவற்றுக்கு 'டு' வழி ஒன்றே. இதுவும் முழு விதியன்று. 'ஆஃபர்', 'பிராமிஸ்' இரண்டும் இலத்தீன் மரபினவே; ஆயினும் இரு வழியும் செல்லும். முதல் அசை அழுத்தம் பெறுவதால் அவை சொந்தச் சொற்களைப் போல நடக்கின்றன என்பர். 'அசைன்' அதற்கும் அடங்காது. 'சே' என்பதோ சொந்தச் சொல்லாயிருந்தும் 'சே மீ' என்று வராது. சிலவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

மற்றொன்றும் கண்டேன். 'ஐ செண்ட் மை பிரதர் எ லெட்டர்' சரி. 'ஐ செண்ட் மதுரை எ லெட்டர்' சரியில்லை. முதல் வழியில் வருபவர் பொருளைப் பெற்று வைத்துக்கொள்ளக் கூடியவராக இருக்க வேண்டும். ஊர் வெறும் திசை, அதற்கு 'டு'தான். தமிழிலோ தம்பிக்கும் மதுரைக்கும் ஒரே 'கு'! 'எனக்குக் கொடுங்கள்', 'எனக்கு விளக்குங்கள்' இரண்டிலும் அதே 'கு'. ஆகவே நம் காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இன்னொரு சிக்கல் 'மீ' என்ற சொல்லில் இருக்கிறது. 'கிவ் மீ'யில் அது 'எனக்கு'; 'சீ மீ'யில் அது 'என்னை'. எக்ஸ்ப்ளெயினுக்குப் பக்கத்தில் 'எனக்கு'வுக்கு இடமில்லாததால் அங்கே 'என்னை' வந்து உட்கார்ந்துவிடுகிறது. "சார், என்னை விளக்குங்கள்" என்று அன்று நான் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

இவ்வாண்டு நிறமாலைமானியைச் சரிசெய்யும்போது மறுபடியும் சிக்கல். "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ, சார்" என்றேன். அவர் தமிழிலேயே விளக்கினார்.