பழைய ஜீப்பும் பெரிய என்ஜினும்

புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயப் பெருமக்களுக்கு ஜீப் வண்டி புதியதன்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலம் முதலாக, வட்டார வளர்ச்சி அலுவலரைக் கிராமத்துக்குள் கொண்டுவந்து சேர்த்த வாகனம் அது. பின்னாளில் அரசு அலுவலகங்கள் கழித்துவிட்ட ஜீப்புகள் பொது ஏலத்துக்கு வந்தபோது, வசதியுள்ள விவசாயிகள் அவற்றை வாங்கிக்கொண்டனர். ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்பானாலும், வடகாட்டுப் பலாத் தோட்டமானாலும், கீரமங்கலத்துப் பூக்கொல்லையானாலும், மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையிலும் கண்மாய்க் கரையிலும் சுமையோடு செல்வதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே உகந்தது.

அவ்வண்டிகளில் சில இன்றும் ஓடுகின்றன. உடல் உறுதியாக இருக்கும். பெட்ரோல் என்ஜின் மட்டும் தேய்ந்து போயிருக்கும். அந்நிலையில் உரிமையாளரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. "பழைய என்ஜினைச் சீர் செய்வானேன்? வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் பெரிய டீசல் என்ஜின் ஒன்றை மலிவாக வாங்கிப் பொருத்திவிட்டால் என்ன?" என்று அவர் நினைக்கிறார். பட்டறைக்காரரும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார். இதற்கெனக் கடன் வாங்க முற்படுவோரும் உண்டு. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது, எங்கே இடறும் என்பதை அங்கத்தினர்கள் பணம் செலவிடுமுன் அறிந்திருப்பது நலம்.

ஜீப்பின் வரலாறு கூறும் பாடம்

என்ஜினை மாற்றுவதே தவறு என்று சொல்வதற்கில்லை. ஜீப்பின் வரலாறே என்ஜின் மாற்றங்களின் வரலாறுதான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில், 2199 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 60 குதிரைச் சக்தியும் உடைய பெட்ரோல் என்ஜின் இருந்தது. பின்னர் அந்நிறுவனத்தார் அதே கொள்ளளவில், உட்புகு வால்வுகளைத் தலைப்பகுதியில் அமைத்து, 70 குதிரைச் சக்திக்கு மேல் தரும் என்ஜினைச் செய்தனர். அது முன்னையதினும் உயரமானது. பழைய பானெட்டின் கீழ் அடங்கவில்லை. ஆகவே பானெட்டையும் முகப்பையும் உயர்த்தி, 1953-இல் 'சி. ஜே. 3பி' என்னும் வண்டியை வெளியிட்டனர். அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1968-இல் நின்றது. நம் நாட்டிலோ மகிந்திரா நிறுவனம் அதை மேலும் பல ஆண்டுகள் செய்து வந்தது. நம் சாலைகளில் நாம் கண்ட உயர்ந்த மூக்குடைய ஜீப் அதுவே. என்ஜின் ஒன்று மாறினால் வண்டியின் முகமே மாற வேண்டியிருந்தது என்பதற்கு அந்த மூக்கே சாட்சி.

1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறிய பின்னர் டீசலின்மேல் நாட்டம் மிகுந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் வழிவந்த 2350 கன சென்டிமீட்டர் டீசல் என்ஜின் மகிந்திரா ஜீப்புகளில் இடம் பெற்றது. 1980-களில் வந்த 'எம். எம். 540' வண்டியிலோ, பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த 2112 கன சென்டிமீட்டர் டீசல் என்ஜினும், நான்கு கியர் கொண்ட பெட்டியும் அமைந்தன. பழைய பெட்ரோல் ஜீப்புக்கு இருந்தவை மூன்றே கியர்கள்.

இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தொழிற்சாலையார் என்ஜினை மட்டும் மாற்றி நிறுத்தவில்லை. கியர்ப் பெட்டியையும் மாற்றினர். இரண்டாவது, 2112 என்பது 2350-ஐ விடச் சிறியது. ஆதி பெட்ரோல் என்ஜினின் 2199-ஐ விடவும் சிறியது. பெரியதே நல்லது என்னும் விதி எதுவும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வேகத்தின் கணக்கு

பழைய ஜீப்பின் என்ஜின் நிமிஷத்துக்கு 4000 சுழற்சி வரை சுழலக்கூடியது. அதன் அச்சில் உள்ள பல்சக்கரங்களின் விகிதம் 5.38. அதாவது, உச்சக் கியரில் என்ஜின் 5.38 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். கணக்கிட்டுப் பார்த்தால், 4000 சுழற்சியில் வண்டி மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர் ஓடும்.

டிராக்டருக்கென அமைந்த டீசல் என்ஜின் ஏறத்தாழ 2000 சுழற்சியிலேயே தன் எல்லையை எட்டிவிடும். அதே அச்சில் அதைப் பூட்டினால் உச்ச வேகம் சுமார் 49 கிலோமீட்டர்தான். தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு இது போதும். ஆனால் கீரமங்கலத்திலிருந்து பூவை வாடாமல் சந்தைக்குக் கொண்டுசேர்க்க விரும்புபவர், இந்த வேகத்தை மிஞ்ச எண்ணி என்ஜினை எல்லைக்கு மேல் விரட்டுவார். சில மாதங்களில் என்ஜின் மீண்டும் பட்டறைக்குப் போகும்.

முறுக்கு விசையின் கணக்கு

இதைக் காட்டிலும் முக்கியமானது சுமை இழுக்கும் கணக்கு. மூன்று கியர் ஜீப்பின் முதற்கியர் விகிதம் 2.8, நான்கு சக்கர இழுவைக்கான துணைப் பெட்டியின் தாழ்ந்த விகிதம் 2.46, அச்சின் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். என்ஜின் தரும் முறுக்கு விசை, சக்கர அச்சுகளுக்கு வந்து சேரும்போது சுமார் 37 மடங்கு ஆகிறது என்பது இதன் பொருள்.

பெரிய என்ஜின் 4 கிலோகிராம் மீட்டர் விசையை மட்டுமே கூடுதலாகத் தருகிறது என்று கொள்வோம். சேற்றில் புதைந்த வண்டியைத் தாழ்ந்த கியரில் மீட்கும்போது அந்த 4 என்பது 148 ஆக வளர்ந்து, அச்சுத் தண்டுகளையும் பல்சக்கரங்களையும் முறுக்கும். அவை பழைய என்ஜினின் அளவறிந்து செய்யப்பட்டவை. பல்லாண்டு உழைத்துக் களைத்தவை. முதலில் கிளச் தேயும். பின்னர்க் கியரின் பல் உடையும். இறுதியில் அச்சுத் தண்டே முறியும்.

நெசவாள அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய தறியின் மேல் கனத்த ஜக்கார்டு பெட்டியை ஏற்றுவோர், தறியின் காலையும் குறுக்குச் சட்டத்தையும் முதலில் பலப்படுத்துவர். அதைச் செய்யாவிட்டால் தறி ஆடும். பாவு இழை அறும். பூ வேலை கோணிப்போகும். விவசாயிகளும் அறிவர்: 5 குதிரைச் சக்தி மோட்டாருக்குப் போட்ட மெல்லிய ஒயரில் பெரிய மோட்டாரை மாட்டினால் ஒயர் சூடேறிக் கருகும், கிணற்றின் ஊற்றோ அதனால் பெருகிவிடாது.

வேறு என்னென்ன மாற வேண்டும்?

டீசல் என்ஜின் காற்றை மிக அழுத்தி, அந்த வெப்பத்தினாலேயே எரிபொருளை எரிப்பது. ஆதலால் அதன் உறுப்புகள் தடித்தவை, எடை அதிகம். முன்பக்கத்துப் பட்டை வில்கள் அந்த எடையைத் தாங்க வேண்டும். அதிர்வும் மிகுதியாதலின், என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளும் அவற்றை ஏந்தும் சட்டமும் பலமாக இருத்தல் வேண்டும். துருவேறிய சட்டத்தில் வெல்டிங் வைத்துப் பொருத்துவது, கரையான் தின்ற உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவதை ஒக்கும்.

என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் தகட்டில் இரு தண்டுகளின் மையமும் இம்மியும் பிசகாமல் நேர்கோட்டில் அமைய வேண்டும். பிசகினால் பேரிங்குகள் ஓயாமல் தேயும். குளிர்விக்கும் ரேடியேட்டர் புதிய வெப்பத்துக்குப் போதுமானதா என்று பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் மின்கலம் 6 வோல்ட். டீசலைச் சுழற்றிக் கிளப்ப அது உதவாது. மிஞ்சிய டீசல் தொட்டிக்குத் திரும்புவதற்குத் தனிக் குழாயும் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலானது பிரேக். ஆதி ஜீப்பின் சக்கரங்களில் இருந்தவை 9 அங்குல டிரம் பிரேக்குகள். கூடிய எடையையும், பின்னே பூட்டிய டிரெயிலரையும், அதில் ஏறிய தேங்காயையும் கண்மாய்க் கரைச் சரிவில் நிறுத்த வேண்டியவை அவையே. ஓடாத வண்டியால் நஷ்டம் பணத்தோடு போகும்; நிற்காத வண்டியால் உயிர் போகும்.

சட்டம் கூறுவது

பதிவுச் சான்றில் என்ஜின் எண், எரிபொருள், கொள்ளளவு ஆகியவை குறிக்கப்பட்டிருக்கின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது; சட்டம் அனுமதித்துள்ள சில மாறுதல்களே இதற்கு விலக்கு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு செய்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இது வெறும் அபராதத்தோடு முடிவதன்று. சான்றில் ஓர் என்ஜினும் வண்டியில் வேறோர் என்ஜினும் இருக்கும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுத்து வாதிட இடமுண்டு. அவ்வாதம் வென்றால் நஷ்டஈடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். நிலமும் வீடும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே, வண்டியின் போல்ட்டைக் கழற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்தல் வேண்டும். மறுப்பு வந்தால் அத்தோடு நின்றுவிடுவதே அறிவுடைமை. வாடகைக் கொள்முதலில் உள்ள வண்டியானால் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதமும் அவசியம்.

செலவும் பயனும்

முன்னாளில் டீசலுக்கு மாறியதற்குப் பெரிய காரணம் விலை வேற்றுமை. பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலை மீதான கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கின. முன்பிருந்த பெரிய இடைவெளி இப்போது குறுகிவிட்டது. பழைய உதிரிப் பாகங்களுக்கு ஆதாரமாக இருந்த அரசு ஜீப்புகளும் இனி முன்போல் ஏலத்துக்கு வாரா. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்கள் பதிவு நீங்கி உடைப்பு நிலையங்களுக்குச் செல்கின்றன.

ஆகவே கடன் மனுவில் என்ஜினின் விலையை மட்டும் எழுதுவது முழுக் கணக்காகாது. கிளச், கியர், பிரேக், வில், ரேடியேட்டர், மின்கலம், பட்டறைக் கூலி, வண்டி ஓடாத நாட்களின் வாடகைச் செலவு ஆகிய அனைத்தையும் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதன் பக்கத்திலேயே, இருக்கும் என்ஜினைத் துளை கடைந்து, புது பிஸ்டனும் பேரிங்கும் இட்டுச் சீர் செய்வதற்கான செலவையும் எழுதுக. மிகுந்த பாரம் இழுக்கும் சில நாட்களுக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் வேளாண் இயந்திர வாடகை மையத்திலிருந்து டிராக்டர் அமர்த்தும் செலவையும் மூன்றாவதாக எழுதுக. மூன்றையும் ஒப்பிட்ட பின்னர் முடிவு செய்யலாம்.

கூட்டுறவில் ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றோர் அங்கத்தினர் ஜாமீன் நிற்கிறார். சட்டம் ஏற்காத வண்டிக்கு ஈட்டு மதிப்பில்லை. அச்சு முறிந்து தோட்டத்தில் கிடக்கும் வண்டி தவணை கட்டாது. அப்போது அடுத்த வீட்டு நெசவாளியின் கூலியிலிருந்து அத்தவணை போகும் நிலை வரலாம். என்ஜினின் குதிரைச் சக்தியை அளக்குமுன், அதைத் தாங்கும் அச்சின் பலத்தையும் கடனைத் தாங்கும் குடும்பத்தின் பலத்தையும் அளந்து பார்ப்பது நம் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.