சிற்றுருக் கப்பல் சமைப்போர்



கப்பலின் சிற்றுரு என்றதும், கண்ணாடிப் பேழையில் அழகுக்காக வைக்கப்படும் பொம்மையே பலருடைய நினைவுக்கு வரும். பொம்மையையும் சிற்றுருவையும் வேறுபடுத்துவது அளவுத்திட்டம் ஆகும். மெய்யான கப்பலின் ஓரடி சிற்றுருவிற் கால் அங்குலமாகக் குறைக்கப்படின், அது 48 இல் ஒரு பங்கு என்ற அளவுத்திட்டம். நீளத்துக்கு மட்டுமன்றிப் பாய்மரத்தின் பருமனுக்கும் கயிற்றின் தடிப்புக்கும் இவ்விதி பொருந்துதல் வேண்டும். ஆறடி மாலுமி இத்தளத்தில் ஒன்றரை அங்குலமே நிற்பான். அவனது முழங்கைப் பருமனிற் கயிறு ஓடுமாயின், மற்றெல்லாம் செம்மையாயினும் கப்பல் பொம்மையாகிவிடும்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை நேயர்கள் அறிவீர்கள். அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, நம்மவர் செலுத்த, 1938 ஆம் ஆண்டில் அது மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதன் நீளம் 89 அடி. நான் கூறிய அளவுத்திட்டப்படி 22¼ அங்குலம்; சாதாரண மேசையொன்றில் அடங்கிவிடும். அத்தகைய கப்பல்களும் அவற்றைக் கட்டிய ஓடாவிமாரும் மறைந்துவிட்ட இந்நாளில், ஏராக்கட்டை எவ்வாறு கிடந்தது, அணியம் எவ்வாறு வளைந்தது என்பவற்றை இளைஞன் ஒருவன் கையாலே தொட்டறிய வேறு வழி அரிது.

மரத்தைத் தெரிதலிலேயே வேலை தொடங்குகின்றது. கப்பலைச் சுருக்கலாம், மரத்தின் இழையைச் சுருக்க இயலாது. ஆதலாற் பெருங்கப்பலுக்குச் சிறந்த தேக்கு சிற்றுருவுக்கு அத்துணை உகந்ததன்று. முதிரை போன்ற நெருங்கிய இழையுள்ள மரமே ஏற்றது. பலகைக் கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, விலாச்சட்டங்களின் மேல் ஒட்டுவர். இதுவரை உற்சாகம் குன்றுவதில்லை. நாள்தோறும் வடிவம் வளர்வது கண்ணுக்குத் தெரியும்.

கயிறு கட்டும் பகுதியிலேதான் பலர் கைவிடுகின்றனர். பாய்மரத்தை இருபுறமும் இழுத்து நிறுத்தும் வடங்களுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்காகச் சிறு கயிறுகள் படிபோற் கட்டப்படும். ஒரு புறத்தில் 4 வடங்களும் 20 படிகளும் எனக் கொண்டால் 80 முடிச்சுகள். இரு பாய்மரங்களுக்கும் இருபுறமுமாக 320. ஒவ்வொன்றும் ஒரே இறுக்கமாக இருத்தல் வேண்டும். ஒன்று மிஞ்சி இறுகினும் வடம் உள்ளே வளைந்துவிடும். நூலின் பிசிர் அடங்கத் தேன்மெழுகு தேய்த்தலும் உண்டு. ஒரு மாலைப்பொழுது முழுவதும் இருந்து கட்டினாலும், பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் எதுவும் புலப்படாது. எத்தனையோ கப்பல்கள் இந்நிலையில் அலுமாரியின் மேல் ஏறித் தூசி படிந்து கிடக்கின்றன.

இங்கிலாந்தின் நோர்மன் குறொஸ் என்னுமிடத்தில் 1797 இல் திறக்கப்பட்ட சிறைமுகாமில், நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் போர்க்கைதிகள் அடைபட்டிருந்தனர். உணவிலே மிஞ்சிய எலும்பைச் செதுக்கி அவர்கள் செய்து விற்ற கப்பல்களைப் பீற்றர்பரோ நூதனசாலையில் இன்றுங் காணலாம். பெரியனவற்றை ஒருவர் செதுக்க ஒருவர் கயிறு கட்டப் பலர் கூடியே செய்தனர் எனக் கருதுவர். அவர்கள் பெற்றிருந்த துணையே இன்று தனியறையில் இருந்து வேலை செய்பவனுக்கு இல்லாதது.

அத்துணையைச் சொல்லாலும் அளிக்கலாம். ஆனால் "மிக நன்று" என்ற வெறுஞ்சொல் பயன்படாது. கட்டுரையின் அடியில் அவ்வாறு எழுதித் திருப்பிக் கொடுத்தால் மாணவன் அடுத்த கட்டுரையை முன்போலவே எழுதுவான் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. "அணியத்தின் வளைவு இருபுறமும் ஒத்திருக்கின்றது; எவ்வாறு வளைத்தீர்?" என்று கேட்பவரே உண்மையில் ஊக்கம் தருபவர். அக்கேள்வியில் அவர் வேலையை உற்றுநோக்கினார் என்பது விளங்கும். தேர்ந்தவரின் முடிந்த கப்பலைக் காட்டுவதிலும், அவருடைய முடியாத கப்பலைக் காட்டுவது தொடக்கக்காரருக்கு மிகுந்த பயன் தரும் என்பது என் கருத்து.

முடியாததைக் காட்ட நாணுவோர், 17 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படை ஆட்சியினருக்காகச் செய்யப்பட்ட சிற்றுருக்களை நோக்குவார்களாக. கிரீனிச்சிலுள்ள கடல்சார் நூதனசாலையில் அவை போற்றப்படுகின்றன. அவற்றின் அடிப்புறத்திற் பலகை பொருத்தப்படவில்லை; விலாச்சட்டங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. நம்மவரும் அந்நிலையிலேயே தம் கப்பலை அயலிலுள்ள ஆர்வலரிடம் கொண்டு செல்லலாம். சட்டமொன்று விலகியிருப்பின், பலகை மூடுமுன் ஓர் அரத்தால் அதைத் திருத்திவிடலாம்.