நாற்று வளர்ப்பு – 6: மண்ணுக்குக் காய்ச்சல், கோகோபீட்டுக்குப் பாய்ச்சல்

முளைத்துப் பத்து நாள் ஆன தக்காளி நாற்றுகள் இரண்டு. ஒன்று செம்மண்ணும் தொழுவுரமும் மணலும் கலந்த பையில் நிற்கிறது. மற்றொன்று கோகோபீட் நிரப்பிய குழித்தட்டில். இரண்டுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஊற்றுவதும் ஒரே ஆள். இன்னும் பத்து நாள் கழித்துப் பார்த்தால் பையில் இருப்பது கரும்பச்சையாகத் தழைத்திருக்கும். தட்டில் இருப்பது வெளிறிப்போய், இரண்டாம் இலையோடு அப்படியே நின்றிருக்கும். விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் விதை மேல் குற்றம் இருக்காது. தண்ணீர் விடுவதும் உரம் கொடுப்பதும் மண்ணில் இரண்டு தனி வேலைகள். கோகோபீட்டில் அவை ஒரே வேலை. இது புரியாமல்தான் பல தட்டு நாற்றுகள் வீணாகின்றன.

முளை வெளியே வந்த முதல் வாரம் இரண்டு நாற்றுக்கும் ஒரு குறையும் இருக்காது. விதைக்குள் இருந்த உணவும் அந்த முதல் ஜோடி வித்திலைகளும் செடியைத் தாங்கும். அந்த நாட்களில் உரம் கொடுத்தால் கெடுதல்தான். நூல் போன்ற வேர்நுனி கருகும். ஓரம் வெட்டுப்பட்ட முதல் உண்மையான இலை விரியும்போது கையிருப்பு தீரத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வேர் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

மண்ணில் நிறைய இருக்கிறது. களித்துகள்களின் மேற்பரப்பில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஒட்டிக்கொண்டிருக்கும். தொழுவுரத்தில் கட்டுண்டு கிடக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வேருக்குக் கொடுக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணல் என்ற பழைய கணக்கில் நிரப்பிய பையில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவானாலும் முதல் மூன்று வாரத்துக்கு வெறும் தண்ணீர் போதும். மண் குதிரில் நெல் வைத்திருக்கும் குடும்பம் என்றால், கோகோபீட் அன்றாடங்காய்ச்சிக் குடும்பம். அன்றைக்கு வருவதுதான் அன்றைக்கு உலை ஏறும்.

கோகோபீட் என்று நாம் கடையில் வாங்குவது தேங்காய் மட்டையில் நாரை இழைத்தபின் உதிரும் தூள். கயிறு ஆலைக்காரர்கள் அதை ‘பித்’ என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் ஆலைக்கு வெளியே மலைமலையாகக் குவிந்து, காற்றில் பறந்து, யாருக்கும் வேண்டாத பொருளாகக் கிடந்தது. சிப்பிக்காளான் விதையும் யூரியாவும் சேர்த்து அதை மக்கவைத்து உரமாக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது. இன்றைக்கு அதே தூள் கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் இதில் நிற்கின்றன. 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவில், உரிமம் பெற்ற கஞ்சா வளர்ப்புக்கூடங்களிலும் இது பரவலான ஊடகம். அங்கெல்லாம் சொட்டுக்குழாயில் வெறும் தண்ணீர் ஓடுவது அரிது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் உரம் கரைந்தே போகிறது. “தினமும் உரத்தண்ணீர்” என்ற அறிவுரை அங்கிருந்துதான் நம் மாடித்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. கோகோபீட்டுக்கு அது சரி. அதைப் படித்துவிட்டு மண் தொட்டியில் தினமும் உரம் ஊற்றினால் உப்பு ஏறிச் செடி சாகும்.

கோகோபீட்டைச் சத்தே இல்லாத பொருள் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் கழுவினால் கரையும் உப்பு போய்விடும். ஆனால் தூளின் பரப்பில் ஒட்டிக்கொண்ட பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு அசைந்துகொடுக்காது. நாம் ஊற்றும் கரைசலில் கால்சியமும் மெக்னீசியமும் வந்தால்தான் அவை இடம் விட்டு இறங்கும். இறங்கிய இடத்தில் கால்சியம் உட்கார்ந்துகொள்ளும். அதாவது, செடிக்கென்று கொடுத்த கால்சியத்தை முதலில் கோகோபீட்டே வாங்கிக்கொள்ளும். புது இலை சுருங்கி நுனி கருகிய நாற்றுகளைப் பார்த்துப் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

இதற்கு வழி கடினமானதல்ல. 5 கிலோ கட்டியை 20, 25 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டால் ஏறக்குறைய 70 லிட்டர் தூளாகப் பொங்கும். அந்தத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வடித்து, ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஈசி மீட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் வெறும் தண்ணீரை அளக்கட்டும். பிறகு கடைசியாக அலசி வடித்த தண்ணீரை அளக்கட்டும். வித்தியாசம் 0.5 மில்லிசீமன்ஸுக்குள் இருந்தால் நாற்றுக்கு ஏற்றது. மேலே போனால் மறுபடி அலச வேண்டும். கட்டியின் உறையில் ‘லோ ஈசி’ என்று அச்சிட்டிருந்தாலும் ஒருமுறை அலசாமல் விதை போடாதீர்கள்.

உப்பு கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். களத்தில் தூளைக் கொட்டித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஆலைகளைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி உவர்ப்பேறியதாக விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுச் செடிக்கு உப்பில்லாத தூள் தர நம் ஊர்க் கிணறு உப்பாகக் கூடாது. கழுவிய நீரைத் தேக்கிச் சுத்தம் செய்த பிறகே வெளியே விட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் அலசும் பத்துப் பதினைந்து லிட்டரைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிடலாம். அந்தப் பொட்டாசியமும் குளோரைடும் தென்னைக்கு வேண்டியவையே.

இனி தண்ணீர். மண்ணில் பயிர் செய்யும் நம்மவர்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் கையோடு வந்த பழக்கம். பாய்ச்சிய பின் மண் சற்றுக் காயவேண்டும். அப்போதுதான் துகள்களுக்கு இடையே காற்று புகும். வேர் மூச்சு விடும். ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். நாற்றுப் பையில் தினமும் தண்ணீர் நின்றால் காற்று போகாது. பித்தியம் பூஞ்சை பிடித்து, தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்து, காலையில் நின்ற நாற்று மாலையில் படுத்துவிடும். நாற்றழுகல் என்கிறோமே, அதற்கு விதைநேர்த்தியும் மருந்தும் இருந்தாலும், முதல் காவல் தண்ணீரை அளந்து விடுவதுதான். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கோகோபீட்டின் கட்டமைப்பே வேறு. கடற்பஞ்சு போல நுண்ணறைகள் நிறைந்த பொருள். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்தாலும், துகளுக்குத் துகள் இடைவெளியில் காற்று தங்கியிருக்கும். அதனால் தினமும் நனைத்தாலும் வேர் மூழ்காது. காயவிட்டால்தான் ஆபத்து. தண்ணீர் ஆவியாகிப் போகும். கரைந்திருந்த உரம் போகாது. காலையில் இளநீர் போலிருந்த கரைசல் மாலைக்குள் உப்பு நீராகி, வேரிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை உடனே ஏற்காது என்பது இன்னொரு தொல்லை. ஊற்றியது ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் வேர் வறண்டே இருக்கும்.

உடுமலைப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் பூவாளி பிடிக்கும் அம்மா ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிழல்வலைக்குள் வரிசையாக 98 குழித் தட்டுகள். மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரிந்த தட்டுகள் சிலவற்றை அவர் நனைக்காமலே தாண்டிப் போனார். ஏன் என்று கேட்டேன். “மேல பாத்தா காஞ்சாப்புலதான் இருக்கும் கண்ணு. தட்டத் தூக்கிப் பாரு” என்றார். தூக்கினேன், கனமாக இருந்தது. பக்கத்தில் ஓரத்துத் தட்டு ஒன்றைக் காட்டினார். அது கையில் எடுக்கும்போதே துள்ளி வந்தது. “இது காத்துப்படற எடம். இதுக்கு ரெண்டு தடவ ஊத்தோணும்” என்று சொல்லிவிட்டு, அடியில் உள்ள துளைகளில் தண்ணீர் சொட்டும்வரை நிறுத்தி நனைத்தார். 98 குழித் தட்டு ஒன்றுக்கு ஈரமான கோகோபீட் ஏறத்தாழ 1.2 கிலோ பிடிக்கும். நனைந்ததற்கும் காய்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கை எளிதில் பிடித்துவிடும். வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அடியில் சொட்டும்வரை ஊற்றுவது அவருடைய பழக்கம் மட்டுமல்ல. அதில் காரணம் இருக்கிறது. ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வெளியே வடிந்தால்தான், செடி எடுக்காமல் விட்ட உப்பு அதோடு வெளியேறும். மண் பையில் இப்படி வடியவிட்டால் எதிர்விளைவு: தழைச்சத்து அதோடு கழுவிக்கொண்டு போய்விடும்.

உரத்தின் அளவில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தட்டு நாற்று முறையில், 300 கிலோ கோகோபீட்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா ஒரு கிலோவும் கலந்துவிட்டு, விதைத்த 18ஆம் நாள், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். அது ஒரே ஒருமுறை கொடுப்பதற்கான அளவு. 25 நாளில் வயலுக்குப் போகும் தக்காளி நாற்றுக்கு அது போதும். அதே 5 கிராமைத் தினமும் ஊற்றினால் தட்டு முழுக்கக் கருகும். தினமும் கொடுப்பதென்றால் முதல் உண்மையான இலைக்கு லிட்டருக்கு அரை கிராமில் தொடங்கி, மூன்று நான்கு இலை வரும்போது ஒரு கிராம் வரை போகலாம்.

19:19:19இல் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை உடனே மாற்றிக் கொடுத்துவிடும். புதிதாகப் பிரித்த கோகோபீட்டில் அந்தப் படை இன்னும் சேர்ந்திருக்காது. இரண்டாவது, அதில் கால்சியம் துளியும் கிடையாது. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குத் தண்ணீரிலேயே கால்சியம் வந்துவிடும். சிறுவாணி போன்ற மெல்லிய தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஒருநாள் 19:19:19, மறுநாள் கால்சியம் நைட்ரேட் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. அடியில் வெள்ளையாகப் படிந்து இரண்டும் வீணாகும்.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு வேறு சிக்கல். கோகோபீட்டில் வேருக்கு ஏற்ற கார அமில நிலை 5.8லிருந்து 6.2 வரை. காரத்தன்மையுள்ள தண்ணீர் நாளுக்கு நாள் அதை மேலே ஏற்றும். இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போகும். எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியிலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்துப் பசி. உச்சியில் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. முதலாவதற்கு உரம் கூட்டலாம். இரண்டாவதற்கு உரம் கூட்டக் கூட்ட மோசமாகும்; தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும், மழைநீர் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தினமும் இரண்டு வேளை நாற்றைப் போய்ப் பார்க்க முடிகிறவர்களுக்குக் கோகோபீட். வேர் அறுபடாமல் குழியோடு வரும், கனம் இல்லை, ஏக்கர் கணக்கில் நடுகிறவர்களுக்கு அதற்கு ஈடு கிடையாது. வெளியூர் போய்வருகிறவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடி ஏறுகிறவர்களுக்கும் மண் பைதான் துணை. மறதியை அது பொறுத்துக்கொள்ளும். இடைவழி ஒன்றும் உண்டு. கோகோபீட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தால் தினசரி உரத்தண்ணீர் தேவைப்படாது. தட்டுக் குழியில் வெறும் மண்ணை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். அவ்வளவு சிறிய குழியில் அடியில் தேங்கும் தண்ணீர் வடியாது. காய்ந்தால் செங்கல்லாக இறுகும்.

நாற்று வயலுக்குப் போகும் நாளிலும் இந்த வேறுபாடு கூடவே போகிறது. கோகோபீட் கட்டியோடு நாற்றைக் கரிசலிலோ செம்மண்ணிலோ வைத்தால், சுற்றியுள்ள நுண்ணிய மண் அந்தக் கட்டியின் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வயல் ஈரமாகத்தான் இருக்கும், கட்டி மட்டும் காய்ந்து நாற்று துவளும். வேர் கட்டியை விட்டு மண்ணுக்குள் நீளும்வரை இந்த நிலைதான். நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் என்பது மண்ணில் வளர்த்துப் பிடுங்கி நட்ட நாற்றுக்கான கணக்கு. தட்டு நாற்றுக்கு நட்ட அன்றும், மறுநாளும், அதற்கு மறுநாளும் தண்டை ஒட்டி ஒரு டம்ளர் தண்ணீர் போக வேண்டும். கட்டியின் தலை வெளியே தெரியாதபடி அரை விரல்கடை மண் மூடியிருக்க வேண்டும்; தெரிந்தால் வெயில் அந்த வழியாகவே ஈரத்தை உறிஞ்சிவிடும்.

(தொடரும்)