பழைய பூதங்களுக்குப் புதிய கணக்கு



ராத்தல் கணக்கு போய்க் கிலோ கணக்கு வந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 10 ராத்தல் அரிசி ஏறத்தாழ நாலரைக் கிலோ ஆயிற்று. எண் குறைந்ததால் பானையில் சோறு குறைந்துவிடவில்லை. அளவுகோல்தான் மாறியது, அரிசி மாறவில்லை.

இன்று நாம் பேசப் போவதும் இப்படி ஓர் அளவு மாற்றத்தைப் பற்றித்தான். ஆனால் இங்கே அளக்கப்படுவது அரிசியன்று, பூதங்களும் அரக்கர்களும்! ஆம், விளையாட்டில் வரும் பூதங்கள்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டில் வெளிவந்த விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கியது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். வாள் பட்டதா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும். பகடை என்றதும் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். பணயம் வைத்து ஆடும் சூது அன்று இது. எல்லாரும் ஒரே பக்கம் நின்று, சேர்ந்து கதையை நடத்திச் செல்லும் ஆட்டம்.

கதையில் எதிரிகள் வேண்டும் அல்லவா? அவற்றுக்கென்றே 1977ஆம் ஆண்டில் ஒரு தடித்த புத்தகம் வந்தது. கிரேக்கக் கதைகளிலிருந்தும் ஐரோப்பியக் கிராமக் கதைகளிலிருந்தும் வந்த உருவங்கள் அதில் உண்டு. நம் இதிகாசங்களில் வரும் அரக்கனும் 'ராட்சசன்' என்னும் பெயரோடு அதில் இருக்கிறான். ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துக் கைகாக்ஸ் கற்பனை செய்த பூதங்களும் உண்டு. ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஒன்று. இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் மற்றொன்று.

ஆண்டுகள் செல்லச் செல்ல விளையாட்டின் விதிகள் மாறின. 1989, 2000, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் வந்தன. 2024இல் மீண்டும் ஒரு திருத்தம் செய்தார்கள். ஆனால் பழைய புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. சிறு வயதில் ஆடிய ஒரு தந்தை, தாம் ரசித்த கதையைத் தம் பிள்ளைக்குச் சொல்ல விரும்புகிறார். பிள்ளை கற்றிருப்பதோ புதிய விதி. இந்த இரண்டையும் எப்படி இணைப்பது?

முதலில் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பூதத்தை அடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுவது கவச எண். பழைய விதியில் கவசமே இல்லாதவனுக்கு 10. இரும்புக் கவசமும் கேடயமும் கொண்டவனுக்கு 2. அதாவது எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். 2000ஆம் ஆண்டு விதியில் இதைத் தலைகீழாக்கினார்கள். எண் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும். ஆகவே 20இலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் புதிய எண் கிடைக்கும். பழைய 10 புதிய 10 ஆகும். பழைய 2 புதிய 18 ஆகும்.

இதுவரை ராத்தல், கிலோ கணக்குப் போலத்தான். ஆனால் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பலிக்காது. ராட்சசனையே எடுத்துக்கொள்வோம். 1977ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அவன் கவச எண் பூஜ்யத்துக்கும் கீழே 4. மேலே சொன்ன கணக்குப்படி அது 24 ஆக வேண்டும். 2014ஆம் ஆண்டுப் புத்தகத்திலோ அவனுக்கு 16தான் கொடுத்திருக்கிறார்கள். ஏன்?

காரணம் உண்டு. அந்த விதியில் இருபது முகப் பகடையை உருட்டி, வீரனின் திறமை எண்ணை அதனோடு கூட்டுவார்கள். புதிய வீரனுக்கு அது ஏறத்தாழ 5. நன்கு தேர்ந்தவனுக்கும் 10, 11 என்ற அளவில்தான் நிற்கும். எதிரியின் கவச எண் 24 என்றால், புதிய வீரன் 19 அல்லது 20 விழுந்தால்தான் அடிக்க முடியும். மற்ற அடியெல்லாம் வீண். அதனால் கவச எண்ணைக் குறைத்து, உயிர்ப் புள்ளியைக் கூட்டினார்கள். பழைய ராட்சசனுக்குச் சராசரியாக 32க்குள் இருந்த உயிர்ப் புள்ளி, 2014இல் 110 ஆயிற்று. அடி அடிக்கடி படும். ஆனால் அவன் எளிதில் விழமாட்டான்.

இப்போது அளவுகோலோடு அடுப்பும் மாறிவிட்டது. விறகடுப்பில் அரை மணி நேரம் வேக வைத்த குழம்பைக் கேஸ் அடுப்பிலும் அதே அரை மணி நேரம் வைத்தால் சில நாள் அடிபிடிக்கும். நம் வீட்டுப் பெண்கள் கடிகாரத்தை மட்டுமா பார்க்கிறார்கள்? கொதி வந்ததா, காய் வெந்ததா என்று பார்த்து இறக்குகிறார்கள். பூதத்தை மாற்றுகிறவரும் எண்ணை மட்டும் பார்க்காமல், மேசையில் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

'ஓகர்' என்னும் மனிதத்தின்னிப் பூதம் இதற்கு நல்ல சான்று. பழைய விதியில் அது அடித்தால் 1 முதல் 10 வரை உயிர்ப் புள்ளி போகும், சராசரி ஐந்தரை. அன்றைய புதிய வீரனின் உயிர்ப் புள்ளியும் சராசரி ஐந்தரைதான். 2014ஆம் ஆண்டு விதியில் ஓகரின் அடி சராசரி 13. உடல் வலிமையுள்ள புதிய வீரனின் உயிர்ப் புள்ளி ஏறத்தாழ 12. எண்கள் இரு மடங்குக்கு மேல் போய்விட்டன. ஆனால் உறவு மாறவில்லை: அனுபவம் இல்லாதவன் எதிரே போய் நின்றால் ஓரடியில் விழுவான். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. இந்த உறவைக் காப்பதுதான் சரியான மாற்றம்.

இனித் துருப் பூதத்தைப் பார்ப்போம். அது உயிருக்கு எமன் அன்று, உடைமைக்கு எமன். பழைய விதியில் அதன் மீசை பட்டதுமே இரும்புக் கவசம் துருவாகி உதிர்ந்துவிடும். 2014ஆம் ஆண்டு விதியில் கவசம் படிப்படியாக வலிமை இழக்கிறது. ஓடித் தப்ப நேரம் கிடைக்கிறது. எது நல்லது என்பது மேசையைப் பொறுத்தது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: துருவை எடுத்துவிட்டுக் கடியை மட்டும் வைத்தால், அது வெறும் விலங்கு.

ராட்சசனுக்கும் அப்படித்தான். அந்தப் புத்தகத்தில் அவனுக்குப் புலித் தலை. அது அவர்கள் கற்பனை. ஆனால் நம்பத்தகுந்தவர் போல வேடம் போட்டு வந்து ஏமாற்றுவது அவன் குணம். மாரீசன் மானாக வந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. பழைய விதியில் மந்திரித்த ஒரு குறுக்குவில் அம்பு பட்டாலே அவன் மாண்டுபோவான். 2014இல், நல்லவன் கையிலுள்ள மந்திர ஆயுதம் குத்தினால் இரு மடங்கு காயம் என்று மாற்றினார்கள். கடுமை குறைந்தது, 'நல்லவன் கையால்தான் அவனுக்கு ஆபத்து' என்னும் கதை நின்றது. கவச எண் ஒன்றிரண்டு தவறினாலும் பொறுத்துக்கொள்ளலாம். வேடம் போய்விட்டால் அரக்கனே போய்விட்டான்.

ஆகவே மாற்ற நினைப்பவர்கள் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, இந்தப் பூதத்தை எதற்காக நினைவில் வைத்திருக்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, புதிய புத்தகத்தில் அதே வலிமையுள்ள வேறொரு பூதத்தைத் தேடி, அதன் எண்களை எடுத்துப் போடுங்கள். மூன்றாவது, ஆட்டத்துக்கு முன் தனியே பகடை உருட்டி, எத்தனை அடியில் யார் விழுகிறார்கள் என்று பாருங்கள்.

விளையாட்டுக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். ஒரு சிறுவன் பல மாதம் தன் வீரனை வளர்த்து வருகிறான். அவன் செய்த தவறால் அந்த வீரன் விழுந்தால் அழுதுவிட்டு மறுபடியும் வந்து உட்காருவான். கதை சொல்லும் அப்பா கணக்கைத் தவறாகப் போட்டதால் விழுந்தான் என்று தெரிந்தால், அவன் கோபம் பூதத்தின் மேல் இராது. அப்பாவின் மேல்தான் இருக்கும். தராசு சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை போன பிறகு, எந்தக் கடைக்கு யார் போவார்கள்?