மடக்குக் கத்தியா? லாக்கைப் பாருங்க

எம்.கே.பி. நகர்ல பஸ் ஏறி பாரிமுனையில மடக்குக் கத்தி தேடப் போறீங்கன்னா, பிளேடு பளபளப்பை விடுங்க, லாக்கைப் பாருங்க. சாதாரண பேனாக்கத்தியில லாக்கே கிடையாது. முதுகுல இருக்கற ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். முனையால குத்தி அழுத்தினா விரல் மேலயே மடங்கும்.

லைனர் லாக் வேற. பிளேடை விரிச்சதும் கைப்பிடிக்குள்ள இருக்கற தகடு நகர்ந்து வந்து அதோட அடிப்பகுதிக்கு முட்டுக் கொடுக்கும். முட்டும் முகம் சில டிகிரி சாய்வா இருக்கும். முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல படிச்ச ஆப்பு ஞாபகம் இருக்கா? சாய்வு, உராய்வுக் கோணத்தைவிடக் குறைவா இருக்கறவரை தகடு வழுக்காது. அதனால எண்ணெயை அச்சுக்கு மட்டும் விடுங்க. அந்த முகத்துல பட்டா உராய்வு போச்சு.

பிரான்ஸோட ஒப்பினெல் கத்தியில 1955-லேர்ந்து ஒரு வளையத்தைத் திருப்பினா போதும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதுவானாலும் கடையிலயே விரிச்சு, மடங்கற வழியில விரல் இல்லாம பிடிச்சு, முதுகை மேஜையில மெதுவா அழுத்துங்க. அசைஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க.