உங்களுக்குத் தெரியுமா? பாவத்துக்குச் சிறை கூடாது என்ற போதகர்

பைபிளின் பத்துக் கட்டளைகளில் முதல் நான்கும் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலானவை. ஓய்வுநாளை மீறினான், பொய்த்தெய்வத்தைக் கும்பிட்டான் என்று ஒருவனைத் தண்டிக்க அரசுக்கு உரிமையில்லை. கொலை, களவைக் கவனித்தால் போதும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் இப்படிப் பேசிய போதகர் ராஜர் வில்லியம்ஸை 1635இல் நாடுகடத்த உத்தரவிட்டார்கள். கடுங்குளிரில் தப்பியோடியவர், நாரகான்செட் பழங்குடித் தலைவர்களிடம் நிலம் பெற்று 1636இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். இதே கருத்தை வாதிட்டு 1644இல் லண்டனில் வெளியான அவரது நூலை எரிக்கச் சொன்னது இங்கிலாந்து நாடாளுமன்றம்.

இத்தனைக்கும் ஆள் ஒன்றும் விட்டுக்கொடுக்கிற பேர்வழி அல்ல. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் போதனை அவருக்கு வேப்பங்காய். எழுபதை நெருங்கும் வயதில், 1672இல், அவர்களோடு வாதாட நியூபோர்ட்வரை தானே துடுப்புப் போட்டுப் போனார். அவர் வாதத்தோடு நிறுத்திக்கொண்டார்; ஆனால் அதே குவேக்கர்களில் நால்வரை அண்டை மாசசூசெட்ஸ் அதற்கு முன்பே தூக்கிலிட்டிருந்தது.