முறைப்பாசன மரபும் சூரிய மின்னாற்றலும்: மதுரைச் சமவெளியின் ஆற்றல் மாற்றத்தை மேலாளுதல்

ஆய்வுச் சுருக்கம்

புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவது பெரும்பாலும் நிறுவுதிறனைப் பெருக்கும் பணியாகவே பேசப்படுகிறது. மதுரைச் சமவெளியைப் பொறுத்தவரை, மின்சாரம் கிடைக்கும் நேரத்தையும் அது பயன்படும் நேரத்தையும் பொருத்துவதே முதன்மைச் சிக்கல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பெரியாறு–வைகைப் பாசனத்தின் முறைவைப்பு, கமுதி சூரிய மின்நிலையம், வேளாண் மின்மோட்டார்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து இவ்வாதம் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புதுப்பிக்கத்தக்க ஆற்றல், மதுரை, பெரியாறு–வைகைப் பாசனம், கமுதி, வேளாண் மின்சாரம், நிலத்தடி நீர்.

முன்னுரை

நிலக்கரியை எப்போது வேண்டுமானாலும் எரிக்கலாம்; வெயிலையும் காற்றையும் அவ்வாறு அழைக்க இயலாது. நிலக்கரியை நம்பிய மின்துறை, தேவை எழுந்தபின் உற்பத்தியைக் கூட்டிப் பழகியது. சூரிய மின்னாற்றல் மிகும்போது இவ்வொழுங்கு தலைகீழாகிறது. உற்பத்தியின் போக்குக்கேற்பத் தேவையை நகர்த்த வேண்டியதாகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இத்தகைய கோடைத் தேவையின் பகற்பகுதியைச் சூரிய ஒளி தாங்கும். கதிரவன் மறைந்தபின் எரியும் விளக்குகளுக்கும் இரவெல்லாம் ஓடும் குளிரூட்டிகளுக்கும் வேறு வழி காண வேண்டும். இந்த மாற்றத்தை எவ்வாறு மேலாளுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

நீரின் முறையும் மின்சாரமும்

மதுரைச் சமவெளிக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், சுரங்கம் வழியாக மலையின் கிழக்குச் சரிவை அடைந்து, முல்லையாற்றின் வழியே வைகையில் சேர்கிறது. 1959இல் பயன்பாட்டுக்கு வந்த வைகை அணை அந்நீரைத் தேக்கிப் பேரணை வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாய்க்கு அளிக்கிறது. கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பரப்பு 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பகுதிகளின் ஒருபோகப் பாசனப் பரப்பு 1,05,002 ஏக்கர். அணையின் இருப்பு போதாத ஆண்டுகளில் தண்ணீர் தொடர்ந்து விடப்படுவதில்லை, முறைவைத்து விடப்படுகிறது. நடவும் உழவும் அந்த முறைக்கேற்பவே திட்டமிடப்படுகின்றன.

இதே நீர் மலையிலிருந்து இறங்குமிடத்தில், லோயர் கேம்ப்பில், 1950களின் இறுதியில் பெரியாறு நீர்மின் நிலையம் தொடங்கியது. தலா 35 மெகாவாட் திறன்கொண்ட நான்கு பொறிகளுடன் அதன் தொடக்கத் திறன் 140 மெகாவாட்டாக அமைந்தது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு நீர் திறக்கப்படுகிறதோ அவ்வளவே அங்கு மின்சாரம். பாசனத்துக்கென 1886இல் எழுந்த குத்தகை ஒப்பந்தத்தோடு, மின்னுற்பத்திக்கெனத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் தனி உடன்பாடு செய்துகொண்டன. இயற்கையின் வரவுக்கு ஏற்பப் பயன்பாட்டை வகுப்பது, அதற்கான உரிமையை எழுத்தில் வரையறுப்பது ஆகிய இரண்டையும் இப்பகுதி முன்பே பயின்றுள்ளது.

பருவங்களின் கணக்கு

தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாயின் வழியே தேனி மாவட்டத்துள் நுழைகிறது. ஆண்டிபட்டி வட்டாரத்தின் காற்றாலைகள் அதை நம்பியவை. மே முதல் செப்டம்பர் வரை காற்று மிகுதி. பெரியாற்றில் நீர் பெருகுவதும் இதே பருவத்திலேயே. எனவே காற்றும் நீரும் பெரிதும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே குறைகின்றன. சனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருப்பதால் சூரிய மின்னாற்றல் அவ்விடைவெளியை நிரப்புகிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டத்தில் காற்று, வெயில் இரண்டும் தளர்கின்றன. எனினும் மழை பெய்வதால் கிணற்றுப் பாசனத்தின் மின்தேவையும் அப்போது தணிகிறது. ஆகவே ஆண்டுக் கணக்கில் இம்மூன்றும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நாள் கணக்கில், குறிப்பாக மாலை 6 மணிக்குப் பின், அவ்வீடு கிடைப்பதில்லை.

கமுதி தரும் படிப்பினை

மதுரையின் தென்கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 செப்டம்பரில் முழுமை பெற்றது. அது ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. அதாவது ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர். உற்பத்தியாகும் மின்சாரம் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வழியே மாநில மின்தொகுப்பில் சேர்கிறது.

இதிலிருந்து இரண்டு படிப்பினைகள் கிடைக்கின்றன. முதலாவது விலை பற்றியது. கமுதிக்கான 2015ஆம் ஆண்டு ஒப்பந்தம் யூனிட்டுக்கு ரூ.7.01 என்ற விலையில் அமைந்தது. 2017இல் தமிழ்நாட்டில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரத்தின் விலை ரூ.3.47ஆக இறங்கியது. தொழில்நுட்பத்தின் விலை விரைந்து வீழும் காலத்தில் நீண்டகால ஒப்பந்தங்களை எந்த ஆண்டில், எவ்வளவுக்குச் செய்வது என்பதும் மேலாண்மையின் பகுதியே. இரண்டாவது நிலம் பற்றியது. மானாவாரிக் கரிசலும் சீமைக்கருவேலம் மண்டிய தரையும் ஆவணத்தில் தரிசு எனத் தோன்றலாம். ஆடு மேய்ப்போருக்கும் விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுவோருக்கும் அதுவே வாழ்வாதாரம். நிலத்தை விற்பவர் விலை பெறுகிறார். பட்டா இல்லாமல் அதைச் சார்ந்திருப்பவர் எதையும் பெறுவதில்லை. மின்னழுத்தம் மிகுந்த கம்பிகள் சிற்றூர்களின் மேலாகச் செல்லும்போது அச்சிற்றூர்களுக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வி எழுவது இயல்பு.

மின்மோட்டார் என்னும் திறவுகோல்

வீட்டு விளக்கைப் பகலுக்கு மாற்ற முடியாது. கிணற்று மோட்டாரை மாற்ற முடியும். தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின்னிணைப்புகள் உள்ளன. கால்வாய் நீர் எட்டாத உசிலம்பட்டி, பேரையூர், தே. கல்லுப்பட்டி வட்டாரங்களில் வேளாண்மை பெரிதும் கிணற்றையே நம்பியுள்ளது. மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது பாம்பும் இருளும் பாராமல் வரப்பில் நடந்து மோட்டாரை இயக்கிய உழவர்களுக்குப் பகல் மின்சாரம் ஒரு விடுதலையும் ஆகும். வெயில் மிகுந்த நேரத்தில் வேளாண் மின்வழங்கலைக் குவிப்பது, புதிய மின்கலம் எதுவும் வாங்காமலே நீரின் வடிவில் ஆற்றலைத் தேக்குவதற்கு ஒப்பானது.

ஆனால் இங்கொரு முரண் உண்டு. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இல் தொடங்கிய கட்டணமில்லா மின்சாரம் பின்னர் அனைத்து விவசாயிகளுக்கும் விரிந்தது. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனைக் கொண்டே பயன்பாடு மதிப்பிடப்படுகிறது. 2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் வழங்கப்படும் தனித்த சூரிய மோட்டாரிலும், நிறுவியபின் எரிபொருட்செலவு இல்லை. செலவின்றி நாள்முழுதும் இறைக்க இயலுமானால் நிலத்தடி நீர்மட்டத்துக்கு எவ்வரம்பும் இராது. ஆழமாகத் தோண்ட வசதியுள்ளவரின் ஆழ்துளைக் கிணறு ஓடும். அடுத்த வயலின் திறந்த கிணறு வற்றும்.

இதற்கு ஒரு மாற்றுவழியைக் குசராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி சிற்றூர் காட்டியது. அங்கு உழவர்கள் சூரிய மோட்டார்களை மின்தொகுப்போடு இணைத்துக் கூட்டுறவு ஒன்றை அமைத்து, இறைத்தது போக எஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றனர். இறைக்காத நீர் வருவாயாக மாறியது. குசராத் அரசு 2018இல் அறிவித்த ‘சூர்யசக்தி கிசான் யோஜனா’ இதே கருத்தை விரிவாக்கியது. குசும் திட்டத்தின் ‘இ’ பிரிவும் தொகுப்போடு இணைந்த மோட்டார்களைச் சூரிய மின்மயமாக்க இடமளிக்கிறது.

மதுரைக்கு இதைப் பொருத்துவதில் தடையாக நிற்பது மீட்டர் பற்றிய அச்சம். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் எழுந்த போராட்டங்களின் நினைவு உழவரிடம் உண்டு. மீட்டர் பொருத்துவது இலவசத்தைப் பறிப்பதற்கான முதற்படி என்ற ஐயம் அடிப்படையற்றதன்று. எனவே இப்போதைய பயன்பாட்டு அளவுக்குரிய உரிமை தொடரும் என்பதைச் சட்டபூர்வமாக உறுதிசெய்தபின், சேமிப்புக்கு மட்டும் பணம் என்ற முறையில் மீட்டரை அறிமுகம் செய்வதே ஏற்புடையது.

நகரின் மேற்கூரைகள்

மதுரை நகரில் ஒரு கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி மாடி போதும்; நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் தருகிறது. ஆயினும் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுவதால், குறைவாகப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு இதில் நாட்டமில்லை. வாடகை வீட்டினருக்கு மாடியே இல்லை. மிகுதியாகப் பயன்படுத்தி மிகுதியாகக் கட்டணம் செலுத்துவோரே முதலில் மாறுகின்றனர். அவர்களின் கட்டணம் குறையும்போது கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பேணும் செலவு எஞ்சியோர்மீது விழும். பள்ளி, மருத்துவமனை, சந்தை முதலிய பொதுக்கட்டடங்களின் மேற்கூரைகளுக்கு முன்னுரிமை அளிப்பது இச்சுமையைக் குறைக்கும்.

முடிவுரை

2024இல் தமிழ்நாடு மின்வாரியத்தின் பணிகள் மறுசீரமைக்கப்பட்டுப் பசுமை ஆற்றலுக்கெனத் தனிக் கழகம் உருவானது. அதே ஆண்டில் நீரேற்று மின்திட்டங்களுக்கான கொள்கையும் வெளியானது. மாலைத் தேவைக்கு நீரேற்றுத் தேக்கமும் மின்கலமும் தேவை என்பதில் ஐயமில்லை. அவற்றுக்குக் காலமும் பெரும் முதலீடும் வேண்டும். வேளாண் மின்சுமையைப் பகலுக்கு மாற்றுவதை இப்போதே தொடங்கலாம்.

அதற்குக் கால்வாய்ப் பாசனம் கற்பித்த ஒழுங்கே போதுமானது: வரவை அளத்தல், முறையை முன்னரே அறிவித்தல், கடைமடைக்கும் பங்கு உறுதிசெய்தல். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத முறைவைப்பைச் சமவெளி மக்கள் ஏற்பதில்லை. நிலமற்றோர், வாடகைக் குடியினர், திறந்த கிணற்றுச் சிறுவிவசாயி ஆகியோரே ஆற்றல் மாற்றத்தின் கடைமடை. அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கிராம அளவிலான களஆய்வுகள் மூலம் பதிவுசெய்வது, இத்துறையில் ஆய்வாளர்கள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.